கோரிக்கைகள் சட்டமான வரலாறு

(தொழிலாளர் தினத்தையொட்டி, ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் நாட்டின் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றையும், அதனோடு பின்னிப் பிணைந்த சமதர்ம இயக்கத்தின் வரலாற்றையும் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். அதனை முற்றக் கூற ஓர் இரவு போதாது. விடியுமுன் பிரட்டுக்கு எழ வேண்டியவர்கள் நீங்கள். ஆதலின், ஒரே ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, அதன் வழியே அவ்வரலாற்றைக் காண விழைகிறேன்.

1941ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பன்னிரண்டு கோரிக்கைகளை முதலாளிமார் முன் வைத்தனர். அவற்றைக் கேட்ட குற்றத்திற்காகச் சிலர் சிறை புகுந்தனர். சிலர் உயிர் துறந்தனர். அன்று குற்றமாகக் கருதப்பட்ட அக்கோரிக்கைகளுள் பெரும்பாலானவை இன்று நாட்டின் சட்டங்களாக விளங்குகின்றன. இந்த மாற்றம் தானாக வந்ததா? ஒருவர் தந்த கொடையா? அன்று. அது எவ்வாறு வந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். பெற்ற வழியை மறந்தவன் பெற்றதைக் காக்கவும் மறந்துவிடுவான்.

தோட்டம் தோன்றிய கதை

பிரேசில் நாட்டுக் காடுகளில் விளைந்த ரப்பர் விதைகள் 1876இல் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீன வணிகர் இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். உலகில் மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக, மலாயாவின் காடுகள் அழிந்து நிரை நிரையாக ரப்பர் மரங்கள் எழுந்தன.

நம் ஜொகூர் மாநிலத்தில் 1909இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என அப்பாதையை ஒட்டியே தோட்டங்கள் பரவின. தமிழரும் சீனரும் ஜாவானியரும் அவற்றில் உழைத்தனர். ஒரே மரத்தில் பால் எடுத்தவர்கள் வெவ்வேறு லயங்களில், வெவ்வேறு கூலிக்கு, வெவ்வேறு மொழிகளில் வாழ்ந்தனர். ஒருவர் துயரை மற்றவர் அறியாதிருந்தது தோட்ட நிர்வாகங்களுக்கு வசதியாயிற்று.

தமிழ்த் தொழிலாளர் தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அம்முறை 1910இல் ஒழிந்தது. அதன் பின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரையே அழைத்து வந்தார். வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஊரில் பெரியவர், தோட்டத்தில் மேற்பார்வையாளர், கடன் கொடுத்தவர் ஆகிய மூவரும் ஒருவரேயானால், கூலி போதாது என்று எவரிடம் சென்று முறையிடுவது?

1920ஆம் ஆண்டுகளில் முக்கிய வட்டாரங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்டிர்க்கு 40 காசும் நிலையான கூலியாக வகுக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. பின்னர் மேலும் சரிந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை ஏறும்பொழுது ஆள் வேண்டும். விலை இறங்கும்பொழுது ஆள் வேண்டா என்பதே அக்கால நியதி. 1938இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

விழிப்பின் ஊற்றுகள்

இதே காலத்தில் தாயகத்தில் புதிய காற்று வீசிக்கொண்டிருந்தது. 1908இல் தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கு வ. உ. சிதம்பரனார் துணை நின்றார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1923 மே முதல் நாள், சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஐரோப்பாவில் பிறந்த சமதர்மக் கருத்து இவ்வாறு தமிழில் பேசத் தொடங்கியது.

அக்காற்று கடல் கடந்தும் வந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வருகை தந்தார். 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு சிங்கப்பூரில் தோன்றியது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. 1937இல் ஜவஹர்லால் நேரு இங்கு வந்து, தொழிலாளர் ஒன்றுபடல் வேண்டும் என்னும் எண்ணத்திற்கு ஊக்கமளித்தார். இதழைப் படித்தவர் ஒருவர், அதனைச் சுற்றி அமர்ந்து கேட்டவர் பலர் என்ற முறையில், லயத்துத் திண்ணைகளில் புதிய சொற்கள் புழங்கலாயின. அவற்றுள் தலையாயது 'சங்கம்' என்னும் சொல்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ரப்பர் விலை உயர்ந்தது. அரிசி விலையும் உயர்ந்தது. கூலி மட்டும் உரிய அளவு உயரவில்லை. 1941இன் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் போன்றோர் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். வேலைநிறுத்தம் தோட்டம் விட்டுத் தோட்டம் பரவியது.

அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும். கொடுமை புரியும் துரைமாரையும் கிராணிமாரையும் நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்டிரைத் துன்புறுத்துதல் ஒழிய வேண்டும். தகுந்த மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்ல வேண்டும். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை நீங்க வேண்டும். குறை கூறியவரைப் பழிவாங்கலாகாது. தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

தோழர்களே! இப்பட்டியலை ஊன்றிக் கவனியுங்கள். பன்னிரண்டனுள் கூலியைப் பற்றியது ஒன்றே. எஞ்சியவை மானத்தையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பற்றியவை. சைக்கிள் ஓட்டி வரும் மனிதன் இன்னொரு மனிதனைக் கண்டு இறங்கி நிற்பதால் எவருக்கும் ஒரு காசும் இலாபமில்லை. ஆயினும் அவ்வழக்கம் காக்கப்பட்டது. நீ தாழ்ந்தவன் என்பதை நாள்தோறும் நினைவூட்டுவதே அதன் பயன். கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டவர்களும் தொழிலாளரே என்பதை எண்ணிப் பாருங்கள். வாங்கிய கூலி வீட்டை அடையுமுன் கரைந்துவிடுவதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் மேலும் பெருந்திரளாக வேலையை நிறுத்தினர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி அடங்கியது, பட்டியல் மட்டும் அழியவில்லை.

போரும் அவசரகாலமும்

சில மாதங்களில் ஜப்பானியப் படை வந்தது. சயாம் மரண இரயில் பாதை அமைக்கத் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய்க் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானோர் பலர். நம் ஜொகூர்த் தோட்டங்களிலும் திரும்பி வராதவர்களை எண்ணிக் கண்ணீர் விட்ட குடும்பங்கள் பல. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களோ, துரைக்கு அஞ்சிக் கைகட்டி நின்ற பழக்கத்தை விட்டொழித்துத் திரும்பினர்.

1945க்குப் பின் தொழிற்சங்கங்கள் மழைக்காலக் காளான்களெனத் தோன்றின. கெடாவில், ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்றது. நாடளாவிய அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தமிழரையும் சீனரையும் ஒரே கொடியின் கீழ்த் திரட்டியது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ். ஏ. கணபதி அதன் தலைவரானார். சம்மேளனத்தில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு மிகுந்திருந்தது.

1948இல் நிலைமை முற்றியது. ஜூன் முதல் நாள், நம் மாநிலத்திலேயே சிகாமட் அருகிலுள்ள தோட்டமொன்றில், வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு எதிரான போலீஸ் நடவடிக்கையில் ஏழு தொழிலாளர் உயிரிழந்தனர். அம்மாதமே சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சார்ந்த சங்கங்களே சம்மேளனமாகக் கூடலாம்; அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவமுள்ளவரே சங்கப் பொறுப்பு வகிக்கலாம் என விதிகள் வந்தன. சம்மேளனம் கலைந்தது. பேராக்கில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கணபதி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் அவருக்காகப் பரிந்து பேசியும் பயன் விளையவில்லை.

அவசரகாலத்தின் சுமையை ஜொகூர்த் தோட்டங்கள் மிகுதியாகத் தாங்கின. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டிலிருந்தோருக்கு உணவு கிட்டலாகாது என்பதற்காக, காலையில் வேலைக்குச் செல்வோர் சோற்றுப் பொட்டலத்தை வேலிக்கு வெளியே கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. ஒருபுறம் ஆயுதமேந்தியோரின் மிரட்டல். மறுபுறம் சோதனைச் சாவடி. இரண்டிற்கும் நடுவே வெறும் வயிற்றோடு மரம் சீவியவன் தொழிலாளி.

ஐந்து சங்கங்கள் ஒன்றாயின

அச்சம் சூழ்ந்த அக்காலத்தில் சங்கம் என்றாலே ஒதுங்குவோர் பலர். அந்நிலையிலும், சட்டத்திற்கு உட்பட்டு இயக்கத்தை மீண்டும் கட்டியெழுப்பச் சிலர் முன்வந்தனர். அவருள் முதன்மையானவர் கேரளத்தில் பிறந்து இளமையிலேயே மலாயாவுக்கு வந்த பி. பி. நாராயணன் ஆவார். 1950இல் மலாயாத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியபோது அவர் அதன் முதல் தலைவரானார்.

தோட்டத் தொழிலாளரோ மாநிலத்திற்கு ஒன்றாய்ப் பிரிந்து கிடந்தனர். முதலாளிமார் ஒரே அமைப்பாக நின்று பேசினர். தொழிலாளர் பல குரலில் பேசினர். 1954இல் ஐந்து சங்கங்கள் தத்தம் பெயரையும் பதவிகளையும் துறந்து, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்தன. அவற்றுள் நம் ஜொகூர் மாநிலத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் ஒன்று என்பது நமக்குப் பெருமை தருவது. பதவியைப் பெற முயல்வோர் பலர். ஒற்றுமைக்காகப் பதவியை விடுவோர் சிலர். அச்சிலரால்தான் நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கம் உருவாயிற்று. நாராயணனுக்கு 1962இல் மகசேசே விருது கிடைத்தது. 1975இல் அவர் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்திற்குத் தலைவரானார்.

வேலைநிறுத்தத்தோடு கூட்டு ஒப்பந்தம் என்னும் கருவியையும் இச்சங்கம் கையாண்டது. துரையின் விருப்பத்தால் அமைந்த கூலி, மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசிக் கையெழுத்திட்ட கூலியாயிற்று. சங்கம் மிக மெதுவாக நடக்கிறது என்று குறை கூறியோரும் இருந்தனர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. நாட்கூலியை மாதச் சம்பளமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் காத்துக் கிடந்தது.

சமதர்மக் கட்சிகள்

சங்கம் தோட்டத்தில் பேசியதைச் சட்டமன்றத்தில் பேசச் சமதர்மக் கட்சிகள் எழுந்தன. 1952இல் தொழிற்கட்சி தோன்றியது. 1955இல் அகமட் பூஸ்தாமாம் மக்கள் கட்சியை அமைத்தார். இரண்டும் 1957இல் சோசலிச முன்னணியாக இணைந்தன. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்முன்னணி நாடாளுமன்றத்தில் எட்டு இடங்களைப் பெற்றது. தொழிற்சங்கவாதியான வி. டேவிட் பங்சாரிலும், தோட்டத் தொழிலாளருக்காக வாதாடிய கரம் சிங் டாமன்சாராவிலும் வென்றனர். 1964இல் முன்னணி இரண்டு இடங்களுக்குச் சுருங்கியது, பின்னர்ப் பிளவுண்டது. தொழிற்கட்சியின் பதிவு 1972இல் நீக்கப்பட்டது. பிற்காலத்தில், தோட்ட மக்களிடையே பணியாற்றியோர் முனைந்து 1998இல் மலேசிய சோசலிசக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் ஆளுங்கூட்டணியிலிருந்த மலேசிய இந்தியர் காங்கிரசையே சார்ந்து நின்றனர். குடியுரிமை, வேலை, பள்ளி ஆகியவற்றுக்கு அரசாங்கத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்த மக்களுக்கு அது இயல்பே. ஆயினும், கட்சி தோற்றாலும் கருத்து தோற்பதில்லை. நோயுற்றோர், முதியோர், விபத்துக்குள்ளானோர் ஆகியோரைக் காப்பது சமுதாயத்தின் கடமை என்ற சமதர்மக் கருத்து, இன்று எக்கட்சியும் மறுக்கவியலாத பொதுக்கருத்தாகிவிட்டது.

பத்து வெள்ளியின் ஆற்றல்

1950ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிலைக்கு விற்றனர். வேலை போயிற்று, வேலையோடு லயமும் போயிற்று, கோயிலும் பள்ளியும் கைவிடப்பட்டன. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்தார்.

அப்போது துன் வீ. தி. சம்பந்தன் ஊர் ஊராகச் சென்று, தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் பங்குதாரராயினர். அச்சங்கம் முதன்முதலில் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிற்று. பால் வாளி சுமந்த கைகள் தோட்டப் பத்திரத்தில் பங்கு பெற்றன. சிறு தொகை ஒன்றுசேர்ந்தால் பெருநிலமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

பட்டியலை மீண்டும் காண்போம்

இனி அப்பன்னிரண்டு கோரிக்கைகளுக்குத் திரும்புவோம். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றனர். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என வரையறுத்தது. 2023 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நிகரான கூலி கேட்டனர். 2013இல் மாதம் 900 ரிங்கிட் எனத் தீபகற்பத்தில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாயிற்று. இனம், ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை.

குறை கூறியவரைப் பழிவாங்கலாகாது என்றனர். 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்படி, நியாயமின்றி நீக்கப்பட்டவர் அறுபது நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட்டு, வேலையை மீண்டும் கோரலாம். அறுபது நாட்கள் என்பதை நினைவில் வையுங்கள். நாளை பார்ப்போம் என்று நாளைக் கடத்தி உரிமையை இழந்தோர் பலர். சங்கம் அமைக்க அனுமதி கேட்டனர். 1948இல் விதிக்கப்பட்டதைப் போன்ற தொழில்வாரிக் கட்டுப்பாட்டை, 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் தளர்த்தியுள்ளது.

அவர்கள் கேட்கத் துணியாதவையும் பின்னர் வந்தன. 1951இல் ஊழியர் சேமநிதி. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் சொக்சோ பாதுகாப்பு. 1990இல் குடியிருப்பு வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம். மே முதல் நாளைப் பொது விடுமுறையாக 1972இல் துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் அறிவித்தார்.

எஞ்சிய கடமைகள்

பட்டியல் நிறைவுற்றதா என்றால், இல்லை என்பதே விடை. தோட்ட வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. முப்பது ஆண்டு மரம் சீவியவர், ஓய்வு பெறும் நாளில் எங்கே போவது என்று மலைத்து நிற்கும் காட்சி இன்னும் மறையவில்லை. பழைய ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுகிறது, தோட்டம் நகராகிறது. ஆதலின், சொந்த வீடு என்பதே நம் தலைமுறையின் பதின்மூன்றாம் கோரிக்கையாக இருத்தல் வேண்டும். வேலை செய்யும் வயதிலேயே குடும்பம் கூடித் திட்டமிடுதலும், சேமநிதிக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்த்தலும், சங்கத்தின் வழியே வீட்டுடைமையை வற்புறுத்துதலும் இன்றியமையாதவை.

மற்றொன்று. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். கடன்பட்டுக் கடல் கடந்து, மொழியறியாது, முகவரை நம்பி வந்தவர்கள் அவர்கள். நம் பாட்டனும் அவ்வாறே வந்தவர் அல்லரோ? அவர்களால் கூலி குறைகிறது என்று சினப்பதில் பயனில்லை. தமிழரும் சீனரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தமையால் அன்று இருவர் கூலியும் தாழ்ந்தே இருந்தது. அவ்வரலாறு மீண்டும் நிகழலாகாது. சட்டம் அவர்களையும் சங்கத்தில் சேர அனுமதிக்கிறது. 2019 முதல் வேலை விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. இவற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை. நம் நலனும் அதில் அடங்கியுள்ளது.

இறுதியாக, இளைஞர்களுக்கு ஒரு சொல். சம்பளச் சீட்டை வாங்கியதும் மடித்துப் பையில் போடாதீர்கள். வேலை நாள், கூடுதல் நேரம், சேமநிதி, சொக்சோ என ஒவ்வொரு வரியையும் படியுங்கள். கிளைக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். சந்தா கட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், எழுந்து கேள்வி கேளுங்கள். அச்சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், அதனைக் கேட்டதற்காகத் துன்புற்ற ஒருவர் இருக்கிறார். கேட்கப்படாத உரிமை ஏட்டிலேயே உறங்கும். ஒன்றுபட்டுக் கேட்டால் அது வீடு வந்து சேரும்.